நார்ஃபோக்கிலிருந்து பிலாக்சி வரை: ஒரு கார் பயணத் திட்டம் சட்டமான கதை

காரை எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு வெளிமாநிலம் போவதென்றால் முதலில் மேப்பை விரிப்போம். ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டலாம், எங்கே சாப்பிடலாம், ராத்திரி எந்த ஊரில் ரூம் போடலாம் என்று கணக்குப் போடுவோம். குழந்தைகள் இருந்தால் நடுநடுவே நிறுத்த வேண்டியிருக்கும். கணக்கு கொஞ்சம் தப்பினாலும் பெரிய நஷ்டமில்லை. அடுத்த ஊரில் ஏதாவது ஒரு லாட்ஜ் இருக்கும்.

1963 ஜூலையில் அமெரிக்க செனட்டின் வணிகக் குழு முன்னால் சாட்சி சொல்ல வந்த ஒருவர், இதே கணக்கை செனட்டர்களையே போட்டுப் பார்க்கச் சொன்னார். அவர் பெயர் ராய் வில்கின்ஸ். கறுப்பின மக்களின் உரிமைக்காக 1909ல் தொடங்கப்பட்ட என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பின் நிர்வாகச் செயலாளர்.

அவர் கேட்டது இதுதான். உங்கள் தோல் நிறம் இப்போது இருப்பதைவிடக் கொஞ்சம் கறுப்பு என்று நினைத்துக்கொள்ளுங்கள். விடுமுறைக்காக வர்ஜீனியா மாநிலத்தின் நார்ஃபோக் நகரத்திலிருந்து மிசிசிப்பி கடற்கரையிலுள்ள பிலாக்சி வரை காரில் போக ஒரு திட்டம் போடுங்கள். ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் ஓட்டுவீர்கள்? எங்கே சாப்பிடுவீர்கள்? எந்தக் கழிப்பறைக்குப் போவீர்கள்? களைப்பாக இருந்தால் வண்டியை நிறுத்தித் தூங்க முடியுமா, இல்லை சொந்தக்காரர் இருக்கும் ஊர் வரும்வரை ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டுமா? வெள்ளைக் குழந்தை இல்லை என்பதற்காக உங்கள் குழந்தைக்கு ஐஸ்க்ரீம் கிடைக்காமல் போகுமா?

புள்ளிவிவரம் எதுவும் இல்லாமல் வெறும் பயணத் திட்டத்தைப் பற்றி அவர் பேசியதற்கு ஒரு காரணம் இருந்தது. அதற்கு முன்னால் அந்தத் திட்டத்தை நாமும் ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

மேப்பில் இருக்கும் ரோடு, மேப்பில் இல்லாத ரோடு

நார்ஃபோக்கிலிருந்து கிரீன்ஸ்பரோ, அட்லாண்டா, மாண்ட்கோமரி, மொபைல் வழியாகப் போனால் பிலாக்சி ஏறக்குறைய 1,500 கிலோமீட்டர். சென்னையிலிருந்து புவனேஸ்வரம் போவதைவிட அதிகம். வழியில் ஆறு மாநிலங்கள்: வர்ஜீனியா, வட கரோலினா, தென் கரோலினா, ஜார்ஜியா, அலபாமா, மிசிசிப்பி. 1960களின் தொடக்கத்தில் இன்டர்ஸ்டேட் எனப்படும் பெரிய நெடுஞ்சாலைகள் அங்கங்கே துண்டு துண்டாகத்தான் முடிந்திருந்தன. மற்ற இடங்களில் ஊருக்குள் புகுந்து போகும் பழைய சாலைகள்தான். ஒரு நாளைக்கு 400, 500 கிலோமீட்டர் ஓட்டினால் அதுவே பெரிது. ஆக, இரண்டு மூன்று ராத்திரி எங்காவது தங்கியாக வேண்டும்.

வெள்ளைக்காரக் குடும்பத்துக்கு இதில் பிரச்சினையே இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சாலை ஓரமெங்கும் மோட்டல்கள் முளைத்திருந்தன. காரை அறை வாசலிலேயே நிறுத்திவிட்டுத் தூங்கப் போகலாம்.

கறுப்பினக் குடும்பத்துக்கு அந்த மோட்டல்கள் இருந்தும் இல்லாதது போலத்தான். பெட்ரோல் பங்கில் காசை வாங்கிக்கொண்டு பெட்ரோல் போடுவார்கள், ஆனால் கழிப்பறைக்குப் போக விடமாட்டார்கள். ஓட்டலில் பின்வாசல் ஜன்னல் வழியாகப் பொட்டலம் தருவார்கள், சில இடங்களில் அதுவும் கிடையாது.

அதனால் அவர்களுடைய பயணத் தயாரிப்பே வேறு மாதிரி இருந்தது. முதல் வேலை கட்டுச்சோறு. பொரித்த கோழி, அவித்த முட்டை, கேக் எல்லாம் ஒரு ஷூ பெட்டியில் அடைத்து எடுத்துக்கொள்வார்கள். குடிக்கத் தண்ணீர், காரிலேயே தூங்க வேண்டி வந்தால் போர்வை, தனி டப்பாவில் பெட்ரோல், குழந்தைகள் சிறுநீர் கழிக்க ஒரு காலி காபி டின். சில ஆண்கள் ஒரு டிரைவர் தொப்பியையும் வண்டியில் வைத்திருப்பார்கள். நல்ல கார் ஓட்டும் கறுப்பரைப் போலீஸ் நிறுத்தி யாருடைய வண்டி என்று கேட்டால், முதலாளியின் வண்டி, நான் டிரைவர்தான் என்று சொல்லித் தப்பிப்பதற்காக! சொந்தக் காசில் வாங்கிய காருக்கு இந்தப் பதில். பின் சீட்டில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் பலர் பெரியவர்களான பிறகு தங்கள் நினைவுகளில் இதைச் சொல்லியிருக்கிறார்கள்.

இவ்வளவு கஷ்டம் இருந்தால் ரயிலில் போயிருக்கலாமே என்று தோன்றும். ரயிலில் இன்னும் மோசம். 1896ல் பிளெஸ்ஸி வழக்கில், தனித்தனிப் பெட்டி வைப்பது தப்பில்லை, இரண்டும் சமமாக இருந்தால் போதும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தனி என்பது நடந்தது, சமம் என்பது நடக்கவில்லை. பஸ்ஸில் பின் சீட்டு. கார் வாங்க வசதி வந்ததும் கறுப்பினத்தவர் காருக்கு மாறியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். வண்டிக்குள் இருக்கும்வரை யாரும் எழுந்திரு என்று சொல்ல முடியாது. இறங்கும்போதுதான் பிரச்சினை.

தபால்காரர் போட்ட புத்தகம்

இறங்கும் இடத்துக்கு ஒரு வழிகாட்டி தயாரித்தவர் விக்டர் கிரீன். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் குடியிருந்தவர், பக்கத்து மாநிலமான நியூ ஜெர்சியில் தபால்காரராக வேலை பார்த்தவர். 1936ல் நியூயார்க் வட்டாரத்துக்கு மட்டும் ஒரு சின்னப் புத்தகம் போட்டார். கறுப்பினத்தவரை மரியாதையாக நடத்தும் ஓட்டல், விடுதி, மெக்கானிக் ஷாப், முடிதிருத்தும் கடை இவற்றின் முகவரிகள் மட்டும்தான் அதில் இருந்தன. அடுத்த ஆண்டே நாடு முழுவதும் விரிந்தது. அவருடைய பெயரிலேயே 'கிரீன் புக்' என்று பெயர் நிலைத்துவிட்டது. யூதர்கள் தங்களை ஒதுக்கும் விடுதிகளைப் பற்றி அச்சிட்டு வந்த தகவல்களைப் பார்த்துத்தான் இந்த யோசனை வந்தது என்று புத்தகத்திலேயே சொல்லியிருக்கிறார்.

கிரீன் ஒவ்வொரு ஊராகப் போய்ப் பார்க்கவில்லை. சக தபால்காரர்கள் தகவல் தந்தார்கள். எந்தத் தெருவில் யார் வீட்டில் ஓர் அறை காலி என்று அவர்களைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? பயணம் போய் வந்த வாசகர்களும் கடிதம் எழுதினார்கள். லாட்ஜே இல்லாத ஊர்களில், சொந்த வீட்டில் ஓர் அறையை வாடகைக்குக் கொடுத்த குடும்பங்களின் முகவரிகள் சேர்ந்தன. எஸ்ஸோ நிறுவனம் தன் பெட்ரோல் பங்க்குகள் வழியாக இந்தப் புத்தகம் கிடைக்க வழி செய்தது. போர்க் காலத்தில் சில ஆண்டுகள் நின்றாலும் மறுபடி வெளிவந்தது. நம் சென்னை நண்பர்கள் 'எந்த ஊரில் எது நல்ல மெஸ்' என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது போன்ற தகவல்தான். ஆனால் இங்கே தகவல் தப்பினால் ஒரு குடும்பம் இரவு முழுவதும் இருட்டில் ஓட்ட வேண்டும்.

நார்ஃபோக் - பிலாக்சி பாதையில் முதல் ராத்திரிக்கு கிரீன்ஸ்பரோ பொருத்தமான தூரம். அங்கே 1949ல் தொடங்கிய மக்னோலியா ஹவுஸ் என்ற விடுதி 1950களின் கிரீன் புக்கில் இருக்கிறது. ஜேம்ஸ் பிரவுன், ரே சார்ல்ஸ் போன்ற பெரிய பாடகர்கள் தங்கிய இடம். ஊர் ஊராகக் கச்சேரி செய்து புகழ் பெற்றவர்களுக்கும் வேறு லாட்ஜில் இடம் கிடையாது என்பதுதான் இதற்கு அர்த்தம். அடுத்த நிறுத்தம் அட்லாண்டா. அங்கே கறுப்பினத்தவரின் கடைகள், வங்கி, தேவாலயங்கள் எல்லாம் இருந்த ஆபர்ன் அவென்யூ வட்டாரம். அடுத்தது மாண்ட்கோமரி. 1951ல் திறந்த பென் மூர் ஹோட்டல் அங்கே கறுப்பின விருந்தினர்களுக்காகவே இருந்தது. இப்படிப் புள்ளி வைத்துத்தான் கோலம் போட வேண்டும். புள்ளிகளுக்கு நடுவில் டயர் பஞ்சரானாலோ குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலோ திட்டம் அவ்வளவுதான்.

எல்லை தாண்டினால் வரும் சட்டம்

இப்போது வில்கின்ஸ் விஷயத்துக்குத் திரும்பலாம். இன ஒதுக்கல் பற்றிய மசோதா எதற்காக வணிகக் குழுவுக்கு வந்தது?

இதற்கு 80 ஆண்டுக் கதை இருக்கிறது. அடிமை முறை ஒழிந்த பிறகு 1875ல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. விடுதி, நாடகக் கொட்டகை, வாகனம் எதிலும் நிறம் பார்த்து ஒதுக்கக் கூடாது என்று அது சொன்னது. 1883ல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. எல்லோருக்கும் சமப் பாதுகாப்பு தரும் 14வது சட்டத் திருத்தம் மாநில அரசுகளைத்தான் கட்டுப்படுத்தும், தனியார் விடுதிக்காரரைக் கட்டுப்படுத்தாது என்பது நீதிபதிகள் சொன்ன காரணம். அந்தக் கதவு அப்படியே மூடிக் கிடந்தது.

பக்கத்தில் இன்னொரு கதவு இருந்தது. மாநிலங்களுக்கு இடையே நடக்கும் வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் அமெரிக்க அரசியல் சட்டப்படி மத்திய அரசின் கையில் இருக்கிறது. இந்த வழியில் ஏற்கெனவே சில வெற்றிகள் கிடைத்திருந்தன. வர்ஜீனியாவிலிருந்து மேரிலாந்துக்குப் போன பஸ்ஸில் பின்னால் போக மறுத்த ஐரீன் மார்கனின் வழக்கில், மாநிலம் தாண்டும் பஸ்களில் சீட்டைப் பிரிக்கும் சட்டம் செல்லாது என்று 1946ல் தீர்ப்பு வந்தது. 1960ல் பாய்ன்டன் வழக்கில் பஸ் நிலைய ஓட்டலுக்கும் இது விரிந்தது. இந்தத் தீர்ப்புகள் காகிதத்தில் மட்டும் இருந்ததால்தான் 1961ல் 'சுதந்திரப் பயணிகள்' பஸ் ஏறிப் போய் அடி வாங்கினார்கள். அதே ஆண்டு நவம்பரிலிருந்து மாநிலம் தாண்டும் பஸ்களிலும் அவற்றின் நிலையங்களிலும் பிரிவினை கூடாது என்ற மத்திய விதி அமலுக்கு வந்தது.

அப்படியும் பஸ் நிலையத்துக்கு வெளியே இருந்த மோட்டல்களுக்கு எந்தச் சட்டமும் இல்லை. சொந்தக் காரில் போகிறவருக்கு இந்தத் தீர்ப்புகளால் ஒரு பயனும் கிடையாது.

1963 ஜூனில் அதிபர் கென்னடி புதிய மசோதாவை அனுப்பினார். விடுதி, உணவகம், கொட்டகை பற்றிய பகுதிக்கு வணிக அதிகாரமே முக்கிய அடிப்படை. செனட்டின் நீதித்துறைக் குழுவின் தலைவர் மிசிசிப்பியைச் சேர்ந்த ஈஸ்ட்லண்ட், இன ஒதுக்கலின் தீவிர ஆதரவாளர். அவர் கையில் சிக்கினால் மசோதா வெளியே வராது. வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த மேக்னசன் தலைமையிலான வணிகக் குழுவில் அந்தப் பகுதிக்குத் தனியாக விசாரணை நடந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே வில்கின்ஸ் வேண்டுமென்றேதான் பயணத் திட்டத்தைப் பற்றிப் பேசினார். ஒரு குடும்பம் ஆறு மாநிலம் தாண்டிப் போக முடியாமல் தவிக்கிறது என்றால் அது அவமானம் மட்டுமல்ல, மாநிலங்களுக்கு இடையேயான போக்குவரத்துக்குத் தடை. தடையை நீக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு உண்டு. காபி டின்னும் ஷூ பெட்டியும் சட்ட ஆதாரமாக மாறிய இடம் இது.

அட்லாண்டாவில் 216 அறைகள்

கென்னடி 1963 நவம்பரில் கொல்லப்பட்டார். மசோதாவை அடுத்த அதிபர் ஜான்சன் கையில் எடுத்தார். தென் மாநில செனட்டர்கள் வாரக்கணக்கில் பேசிப் பேசியே காலம் கடத்தினார்கள். 1964 ஜூன் 10ந் தேதி 71க்கு 29 என்ற வாக்கில் அந்தப் பேச்சு முடித்துவைக்கப்பட்டது. ஜூலை 2ந் தேதி ஜான்சன் கையெழுத்துப் போட்டார்.

அன்றைக்கே ஒருவர் கோர்ட்டுக்குப் போனார். அட்லாண்டாவில் 'ஹார்ட் ஆஃப் அட்லாண்டா' என்ற மோட்டலை நடத்திய மோர்டன் ரோல்ஸ்டன். அவரே வக்கீலும்கூட. நம் பயணத் திட்டத்தில் இரண்டாவது ராத்திரி வரும் அதே ஊர். 216 அறைகள். 75, 85 ஆகிய இரண்டு இன்டர்ஸ்டேட் சாலைகளிலிருந்தும் சுலபமாக வந்துவிடலாம். வந்து தங்கியவர்களில் சுமார் 75 சதவீதம் பேர் வெளிமாநிலத்தவர். அவர்களை வரவழைக்க நாடு முழுவதும் விளம்பரம் செய்திருந்தார். ஆனால் கறுப்பினத்தவருக்கு அறை கிடையாது, இனிமேலும் தரமாட்டேன் என்பது அவர் வழக்கு.

அவருடைய வாதங்களில் ஒன்றைக் கேட்டால் திகைப்பாக இருக்கும். விருப்பமில்லாதவருக்கு அறை கொடுக்கச் சொல்வது, என்னைக் கட்டாய ஊழியம் செய்ய வைப்பது, ஆகவே அடிமை முறையை ஒழித்த 13வது சட்டத் திருத்தத்துக்கு எதிரானது என்றார். கறுப்பின மக்களை விடுவித்த வாசகத்தையே அவர்களுக்குக் கதவைச் சாத்தப் பயன்படுத்தப் பார்த்தார்.

1964 டிசம்பர் 14ந் தேதி ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அதை நிராகரித்தார்கள். நீதிபதி டாம் கிளார்க் எழுதிய தீர்ப்பு, செனட் விசாரணையில் வந்த சாட்சியங்களை எடுத்துப் பேசுகிறது. கறுப்பினப் பயணிகள் தங்க இடம் தேடி வெகுதூரம் ஓட்ட வேண்டியிருக்கிறது, நண்பர்கள் வீட்டை நம்ப வேண்டியிருக்கிறது, எங்கே தங்கலாம் என்று சொல்ல ஒரு தனி வழிகாட்டிப் புத்தகமே தேவைப்படும் அளவுக்கு நிலைமை முற்றியிருக்கிறது என்று அதில் வருகிறது. புத்தகத்தின் பெயரை நீதிபதி சொல்லவில்லை. தபால்காரர்கள் சேர்த்துக் கொடுத்த முகவரிப் பட்டியல், நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் இப்படிச் சாட்சியாக நின்றது. விக்டர் கிரீன் இதைப் பார்க்க இல்லை. 1960லேயே இறந்துவிட்டார்.

ஒரு மனிதனை விடுதி வாசலில் நிறுத்தி அவமானப்படுத்துவது தப்பு என்று நேரடியாகச் சொல்லாமல், வியாபாரத்துக்கு இடைஞ்சல் என்று சுற்றி வளைத்தது சரியா என்ற கேள்வி அன்றே எழுந்தது. நீதிபதிகள் டக்ளஸும் கோல்ட்பர்கும் தீர்ப்பை ஏற்றுக்கொண்டே இதைத் தனியாகக் குறிப்பிட்டார்கள். இந்தச் சட்டத்தின் முதல் நோக்கம் மனித கண்ணியம்தான் என்று கோல்ட்பர்க் எழுதினார். கேள்வி நியாயமானதுதான். ஆனால் கண்ணியத்தின் கதவை 1883 தீர்ப்பு அடைத்து வைத்திருந்தது. திறந்த கதவு வழியாகத்தானே உள்ளே போக முடியும்?

புதிய சாலை வந்தபோது

கிரீன் புக்கின் கடைசிப் பதிப்பு 1966-67ல் வந்தது. என்றாவது ஒருநாள் இந்தப் புத்தகம் தேவையில்லாமல் போகும், அன்று இதை நிறுத்திவிடலாம் என்று கிரீன் எழுதியிருந்தார். அது நடந்தது. கூடவே இன்னொன்றும் நடந்தது. எந்த மோட்டலிலும் தங்கலாம் என்றானதும் கறுப்பினத்தவர் நடத்திய சின்ன விடுதிகளுக்கு வாடிக்கையாளர் குறைந்தார்கள்.

மீதியை இன்டர்ஸ்டேட் சாலைகள் பார்த்துக்கொண்டன. 1956ல் அதிபர் ஐசனோவர் கையெழுத்திட்ட சட்டப்படி நாடு முழுவதும் 41,000 மைல் நீளத்துக்குத் திட்டமிட்ட சாலைகள் அவை. நகரத்துக்குள் அவை நுழைந்தபோது பல ஊர்களில் கறுப்பினக் குடியிருப்புகளை உடைத்துக்கொண்டுதான் போயின. அட்லாண்டாவில் 75, 85 சாலைகள் சேர்ந்து ஆபர்ன் அவென்யூவை இரண்டாகப் பிளந்தன. மாண்ட்கோமரியில் 85வது சாலை, பென் மூர் ஹோட்டல் இருந்த சென்டெனியல் ஹில் வட்டாரத்தைக் கிழித்தது. அப்போது அலபாமா நெடுஞ்சாலைத் துறைக்குத் தலைவராக இருந்த எங்கல்ஹார்ட், இன ஒதுக்கலுக்காகப் போராடிய வெள்ளையர் அமைப்பின் தலைவர்களில் ஒருவர். எல்லோரும் சமமாகப் போகும் சாலை, சிலருடைய வீட்டின் மேல்தான் போடப்பட்டது.

பிலாக்சி வந்து சேர்ந்தால்?

வில்கின்ஸ் எத்தனையோ ஊர்களை விட்டுவிட்டு பிலாக்சியைச் சொன்னதையும் கவனிக்க வேண்டும். மூன்று நாள் ஓட்டிக் கடைசியில் கடற்கரைக்கு வந்து சேர்ந்தாலும் கறுப்பினக் குழந்தை அங்கே மணலில் கால் வைக்க முடியாது. சுமார் 42 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தக் கடற்கரை 1951ல் மத்திய அரசுப் பணத்தின் உதவியோடு மணல் கொட்டி உருவாக்கப்பட்டது. பொதுமக்களுக்கு என்றுதான் நிபந்தனை. ஆனால் பொதுமக்கள் என்றால் வெள்ளையர் மட்டும் என்று ஊர் முடிவு செய்துகொண்டது.

உள்ளூர் டாக்டர் கில்பர்ட் மேசன் 1959ல் சிலரோடு கடலில் இறங்கினார். போலீஸ் வெளியேற்றியது. 1960 ஏப்ரல் 24ந் தேதி நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறங்கியபோது தடி, சங்கிலியோடு வந்த கும்பல் அவர்களை அடித்தது. 1963 ஜூனில், அதாவது வில்கின்ஸ் சாட்சி சொன்னதற்கு ஒரு மாதம் முன்னால், மறுபடியும் இறங்கிக் கைதானார்கள். அந்தக் கடற்கரை எல்லோருக்கும் உரியது என்ற தீர்ப்பு வர 1968 ஆயிற்று.

இப்போது நார்ஃபோக்கிலிருந்து பிலாக்சிக்கு 14, 15 மணி நேரத்தில் போய்விடலாம். கிரீன்ஸ்பரோவின் மக்னோலியா ஹவுஸ் புதுப்பிக்கப்பட்டு நிற்கிறது. ஹார்ட் ஆஃப் அட்லாண்டா மோட்டல் இடிக்கப்பட்டு, அந்த இடத்தில் 1976ல் ஹில்டன் ஹோட்டல் வந்துவிட்டது. கிரீன் புக்கின் பழைய பதிப்புகளை நியூயார்க் பொது நூலகம் ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டிருக்கிறது. யார் வேண்டுமானாலும் திறந்து, ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு அன்றைய கணக்கில் ஒரு திட்டம் போட்டுப் பார்க்கலாம். சில ஊர்களுக்கு ஒரே ஒரு முகவரிதான் இருக்கும். பல ஊர்களின் பெயரே அதில் இருக்காது.